எள்ளும் தண்ணீரும் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, கடவுள் நம்பிக்கையையும் நாத்திகத்தையும் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இந்த நான்குக்கும் மட்டும் பதில் எழுதுகிறேன். நான் நாள்தோறும் கோயிலுக்குப் போகிற சைவன் என்பதை நீண்டகால வாசகர்கள் அறிவார்கள். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை காட்ட எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: 2004ஆம் ஆண்டு சுனாமியில் என் கணவரையும் ஏழு வயது மகளையும் இழந்தேன். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். ஆடி அமாவாசைதோறும் மாமாங்கக் கோயில் தீர்த்தக்குளத்தில் தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுத்து வந்தவன், இந்த வருடம் மறுத்துவிட்டான். "அப்பா எங்கேயும் இல்லை அம்மா. இல்லாத ஒருவருக்கு எள்ளும் தண்ணீரும் கொடுப்பதாக என்னால் நடிக்க முடியாது" என்றான். ஆனால் டிசம்பர் 26ஆம் திகதி நாவலடிக் கடற்கரைக்கு என்னோடு வந்து, சிரட்டையால் காற்றை மறைத்து இரண்டு விளக்கு ஏற்றுகிறான். எனக்கு அவன்மேல் கோபமில்லை, பயம்தான். கடவுள் இருந்தால் அந்தக் காலையில் ஏன் அப்படி நடந்தது என்று அவன் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உறவினர்கள் முன்வினை என்கிறார்கள். யார் சொல்வது சரி? – வாசகி, கல்லடி.

பதில்: சகோதரி, உங்கள் உறவினர்கள் சொன்ன அந்தச் சொல்லை முதலில் அகற்றிவிட்டுத்தான் மற்றதைக் கதைக்க முடியும். வினைக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டவன் நான். ஒருவன் தன் செயலைத் தானே எடைபோட்டுத் திருந்துவதற்காகச் சொல்லப்பட்ட கோட்பாடு அது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இது உங்கள் வினை என்று கைநீட்டுவதற்கு அதில் இடமே இல்லை. எந்த உயிர் எந்த வினையை நுகர்கிறது என்பதை இறைவன் ஒருவனே அறிவான் என்கிறது சைவ சித்தாந்தம். அப்படியிருக்க, ஏழு வயதுப் பிள்ளை கடலோடு போனதற்குக் காரணம் தமக்குத் தெரியும் என்று சொல்பவர், தாம் நம்பும் சமயத்துக்கே மாறாகப் பேசுகிறார். கிறிஸ்தவ வேதாகமத்தில் யோபுவின் கதையும் இதையே சொல்கிறது. பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவிடம் நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொல்கிறார்கள். யோபுவோ கடவுளோடு வழக்காடுகிறார். கடைசியில் கடவுளின் கோபத்துக்கு ஆளாகிறவர்கள் விளக்கம் சொன்ன நண்பர்களே.

1755 நவம்பர் 1ஆம் திகதி போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. அன்று சகல புனிதர்களின் திருநாள் என்பதால் காலை வேளையில் தேவாலயங்கள் நிறைந்திருந்தன. நிலம் அதிர்ந்த பின் கடல் ஏறியது, அதன்பின் தீ பரவியது. நகரத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று பிரசங்கித்தவர்களும் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் மனம் கொதித்து ஒரு கவிதை எழுதினார்: லண்டனிலும் பாரிசிலும் இல்லாத பாவமா லிஸ்பனில் இருந்தது, தாயின் மார்போடு நசுங்கிய குழந்தைகள் செய்த குற்றம் என்ன என்று அதில் கேட்டார். இப்படிக் கேட்டவர் நாத்திகர் அல்லர்; கடவுள் ஒருவர் உண்டு என்று ஏற்றவர். ஆகவே உங்கள் மகன் கேட்கும் கேள்வியை நாத்திகர்களின் சொத்து என்று எண்ணவேண்டாம். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கேட்டுவிட்டு, இவ்வுலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே சொல்லிவிடுகிறார். நம்முடைய மொழியில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வயது.

நம் கரைக்கு அந்தக் காலை வந்தது 2004 டிசம்பர் 26ஆம் திகதி. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, போயா என்னும் பௌர்ணமி தினமும்கூட. சுமாத்திராவுக்கு அப்பால் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்தில், காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று கடல் பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் ஊர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்ற கோலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அலை நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பசிபிக் சமுத்திரத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இயங்கிவந்த எச்சரிக்கை முறையைப் போன்ற ஒன்று இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை.

கடவுளை விட்டுவிட்ட ஒருவர் பலமாக நிற்கும் இடம் இதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறைவன் ஏன் தடுக்கவில்லை என்று நாம் மேலே பார்த்து நிற்கும்போது, அந்த இரண்டு மணித்தியாலம் ஏன் வீணாயிற்று என்று அவர் கேட்கிறார். பின்னர் நம் கரையோரத்தில் எழுந்த எச்சரிக்கைக் கோபுரங்கள் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில். மனிதன் செய்யும் கொடுமைக்கு மனிதனின் சுதந்திரமே காரணம் என்று ஆத்திகர் சொல்லலாம். கடலடியில் தட்டு நகர்வதற்கு அந்த விடை பொருந்தாது. இறைவனின் திருவுள்ளம் நம் அறிவுக்கு எட்டாதது என்பது ஒன்றுதான் நேர்மையாக மிஞ்சும் பதில். நான் அதை நம்புகிறேன். ஆனால் அதை ஒரு விளக்கம் என்று சொல்லி உங்கள் மகனிடம் நீட்ட மாட்டேன்.

என்றாலும், தட்டு நகர்ந்த கதையைக் கேட்டு ஒரு தாயின் மனம் ஆறிவிடாது. பிள்ளையின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு 'ஏன்' என்று கேட்பவள் ஒருவரைப் பார்த்துக் கேட்கிறாள். நம் பெண்களின் ஒப்பாரியைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கும்பிட்ட தெய்வத்துக்குக் கண் இல்லையா என்று ஏசும் அடிகள் அதில் எத்தனை! ஏசுவதற்காவது ஒருவர் வேண்டியிருக்கிறது. நாத்திகருக்கு அந்த ஆள் இல்லை. அவருடைய துயரம் யாரையும் நோக்கிப் போக வழியில்லாமல் அவருக்குள்ளேயே நிற்கிறது. தெரிந்தே அந்த விலையைக் கொடுக்கிறவரை நான் மதிக்கிறேன். உங்கள் மகன் அப்படிப்பட்டவன் என்றே தோன்றுகிறது.

இனி, இறந்தவர் எங்கே என்ற கேள்வி. மணிமேகலையில் பூதவாதி ஒருவன் வருகிறான். ஆத்திப்பூவையும் கருப்பட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளில் வெறி பிறப்பது போல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது; அவை பிரியும்போது பறையின் ஓசை தேய்ந்து மறைவது போல அதுவும் மறைகிறது என்பது அவன் கொள்கை. கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன் என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். அழகான பதில்தான், ஆனால் காணாத ஒன்றும் உண்மையாக இருக்கலாம் என்ற அளவுக்கே அது போகிறது, உயிர் தொடர்கிறது என்பதை நிறுவிவிடவில்லை. கிரேக்கத்தில் எபிகூரஸ் என்ற அறிஞர், நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வந்தபோது நாம் இல்லை, ஆகவே அஞ்ச என்ன இருக்கிறது என்றார். என் சாவைப் பற்றி நான் நினைக்கும்போது அந்த வாதம் எனக்கு உண்மையிலேயே தெம்பு தருகிறது. பல வருடங்களுக்கு முன் இறந்த என் தம்பியை நினைக்கும்போது அது கைகொடுக்கவில்லை. ஏனென்றால் அவன் இல்லாதபோதும் நான் இருக்கிறேனே.

மாமாங்கத் தீர்த்தக்குளத்தின் படியில் நான் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது, தருப்பை மோதிரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட எள்ளு தண்ணீரோடு போகாமல் விரலிலேயே நிற்கும். ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விடுவார். நான் அந்த எள்ளைத் தள்ளிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் அப்பா அதைப் பெற்றுக்கொள்கிறார் என்று நம்புகிறேன். நிரூபிக்க என்னால் இயலாது. உங்கள் மகனால் அந்த நம்பிக்கையோடு அங்கே உட்கார முடியவில்லை. நம்பாமல் கையில் எள்ளை எடுக்க மாட்டேன் என்று அவன் சொன்னது, அந்தச் சடங்கை அவன் எவ்வளவு பெரிதாக மதிக்கிறான் என்பதையே காட்டுகிறது. வற்புறுத்திக் கூட்டிப் போகாதீர்கள். அமாவாசை விரதத்தை நீங்கள் பிடியுங்கள், காத்தோட்டிக்காய்க் கறியோடு சோறு படையுங்கள், அந்தச் சோற்றை அவனோடு இருந்து சாப்பிடுங்கள். நாவலடியில் அவன் விளக்கேற்றும்போது, இல்லாத ஒருவருக்கு ஏன் விளக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்ல அவனுக்கு ஒரு பதில் இருக்கும். அவனாகச் சொல்லும் நாள் வரட்டும்.

கேள்வி: மறுமையையும் கேள்வி கணக்கையும் நம்பாத ஒருவர் எதற்காக நேர்மையாக இருக்க வேண்டும்? என் கடையில் மூன்று வருடமாக வேலை செய்யும் பொடியன் ஒருவன் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று அண்மையில் சொன்னான். இதுவரை அவனில் ஒரு பிழையும் கண்டதில்லை. ஆனாலும் கல்லாவில் இருத்த யோசனையாக இருக்கிறது. – வாசகர், சாய்ந்தமருது.

பதில்: சகோதரரே, உங்கள் கேள்விக்கான விடையை உங்கள் கடிதமே சொல்கிறது. மூன்று வருடமாக நம்பிக்கையில்லாமலே நேர்மையாக இருந்தவன், அதை உங்களிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகு திருடனாகிவிட மாட்டான். வேலை போகலாம் என்று தெரிந்தும் முதலாளியிடம் உண்மையைச் சொன்னவனைவிடக் கல்லாவுக்கு ஏற்ற ஆள் யார்?

ஆனால் நீங்கள் கேட்டதன் அடியில் பழமையான ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. நல்லது, இறைவன் கட்டளையிட்டதால் நல்லதாகிறதா, அல்லது அது நல்லது என்பதால் இறைவன் கட்டளையிட்டானா? கிரேக்கத்தில் சோக்ரடீஸ் இதைக் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். இஸ்லாமிய அறிஞர்களிடையேயும் இதே விவாதம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது: நன்மை தீமையைப் பகுத்தறிவே அறியும் என்றனர் முஃதஸிலாக்கள், இறைகட்டளையே அதைத் தீர்மானிக்கிறது என்றனர் அஷ்அரிகள். எனவே, வஹீ என்னும் இறைவெளிப்பாடு எட்டாத ஒருவனுக்கும் களவு தீயது என்று தெரியும் என்பதை இறைநம்பிக்கையுள்ள அறிஞர்களே ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறார்கள். பஸராவில் வாழ்ந்த ராபியா, நரகத்துக்கு அஞ்சியோ சுவர்க்கத்தை விரும்பியோ தாம் இறைவனை வணங்கவில்லை என்று சொன்னதாகச் சொல்வார்கள். நம் சேக்கிழாரும், வீடுபேற்றையும் வேண்டாதவர்கள் என்றுதான் அடியாரைப் புகழ்கிறார். பயமும் ஆசையும் நேர்மையின் முதல் படியாக இருக்கலாம். பெரியவர்கள் யாரும் அங்கே நின்றுவிடவில்லை.

இலங்கையின் கண்தானச் சங்கம் 1961இல் தொடங்கியது. தானத்தைப் பெரும் புண்ணியமாகக் கருதும் பௌத்தர்கள், தன் கண்களையே தானம் செய்த சிவி அரசனின் ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஆயிரக்கணக்கில் அதற்கு எழுதிக் கொடுத்தார்கள். கேரளத்தில் பிறந்து கொழும்பில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டவர். 1978இல் இறந்தபோது அவரும் கண்களையும் உடலையும் கொடுத்துவிட்டே போனார். கண்ணைப் பெற்றவருக்கு, அது மறுபிறவியை எண்ணிக் கொடுத்த கண்ணா, மறுபிறவி இல்லை என்று கொடுத்த கண்ணா என்பதில் வேறுபாடு தெரியாது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. மனம் சலித்த நாளிலும், கையில் காசு குறைந்த மாதத்திலும், நாற்பதில் ஒரு பங்கு உன்னுடையதல்ல என்று ஸகாத் என்னும் கட்டாயக் கொடை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. நாத்திகருக்கு அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கும் வழக்கம் இல்லை. அவர் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், பலரும் உண்டாக்கிக்கொள்வதில்லை. இன்னொன்று, எனக்கு இதுவே மிகப் பெரியது: மறுமை என்பது களவெடுப்பவனை மிரட்டும் பிரம்பாக மட்டும் சொல்லப்பட்டதில்லை. இங்கே நீதி கிடைக்காமல் செத்தவர்களுக்கு அது ஒரு வாக்குறுதி. நம் மாவட்டங்களில் காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தி வருடக்கணக்காக வீதியோரம் இருந்த தாய்மாரில் பலர், பதில் கேளாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுடைய வழக்கு இன்னும் முடியவில்லை என்று நீங்களும் நானும் சொல்ல முடியும். உங்கள் கடைப் பொடியன், அது அப்படியே முடிந்துவிட்டது, ஆகவே மிஞ்சியிருக்கும் தாய்மாருக்காவது இப்போதே நீதி வேண்டும் என்று சொல்வான். அவன் சொல்வதில் உள்ள அவசரத்தை நம்மில் பலரிடம் நான் காண்பதில்லை.

கேள்வி: கடவுள் படைக்காமல் இவ்வுலகம் எப்படி வந்தது? நாத்திகரிடம் இதற்குப் பதில் உண்டா? – வாசகர், திருக்கோவில்.

பதில்: கேள்வியே எல்லாச் சமயத்துக்கும் பொதுவானதன்று. ஒன்றுமில்லாமையிலிருந்து இறைவன் உலகைப் படைத்தான் என்று கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் நம்புகிறார்கள். சைவ சித்தாந்தமோ பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரின் தளை) மூன்றுமே அநாதி என்கிறது. பாசத்தில் அடங்கும் மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான் இறைவன், மாயையை அவன் உண்டாக்கவில்லை. தீகவாபி விகாரையில் விளக்கேற்றும் நம் பௌத்த அயலவர்களுக்குப் படைத்தவன் என்ற ஒருவனே தேவையில்லை, ஆனால் மறுபிறப்பு உண்டு. பழைய வடமொழி நூல்கள் வேதத்தை ஏற்காதவனையே நாத்திகன் என்றன. அந்தக் கணக்கில் புத்தரும் நாத்திகரே. ஆகவே ஆத்திகம் ஒரு பக்கம், நாத்திகம் மறுபக்கம் என்று ஒரே கோடு கீறிவிட முடியாது. பிரபஞ்சம் ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக அடர்ந்த, மிக வெப்பமான நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்கிறது விஞ்ஞானம். அதற்கு அப்பால் ஏன் எதுவும் இருக்க வேண்டும் என்று கேட்டால், நாத்திகர் 'இருக்கிறது' என்று சொல்லி நிற்கிறார். நான் 'இறைவன் இருக்கிறான்' என்று சொல்லி ஒரு படி தள்ளி நிற்கிறேன். இருவருமே ஓரிடத்தில் நிற்கத்தான் செய்கிறோம்.

கேள்வி: எனக்கு 81 வயது. இளமையில் பெரியாரின் எழுத்துகளைப் படித்ததிலிருந்து கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் சாவீட்டில் தேவாரமும் சுண்ணப்பாட்டும் கிரியைகளும் வேண்டாம், உடலை மருத்துவ பீடத்துக்குக் கொடுங்கள் என்று எழுதி வைக்க விரும்புகிறேன். மனைவியும் பெண்மக்களும் அழுகிறார்கள். நான் பிடிவாதக்காரனா? – வாசகர், காரைதீவு.

பதில்: ஐயா, நீங்கள் பிடிவாதக்காரர் அல்லர். அறுபது வருடத்துக்கு மேல் ஒரு கொள்கையோடு வாழ்ந்தவர், அது தம்மோடு கடைசிவரை வரவேண்டும் என்று கேட்பது நியாயம். உங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்பித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்று, அதன் பின் துறவு பூண்டார். அவர் போன வழி வேறு, உங்கள் வழி வேறு. ஆயினும் தாம் கண்ட உண்மைக்குத் தக்கபடி வாழ்க்கையை மாற்றிக்கொண்ட துணிவை அவரிடமும் காண்கிறேன், உங்களிடமும் காண்கிறேன்.

உடலைப் பற்றி நீங்கள் எழுதுங்கள், அது உங்களுடையது. ஆனால் துக்கம் உங்கள் மனைவியுடையது. நீங்கள் போன பின், சுண்ணம் இடிக்கும்போது பாடும் திருப்பொற்சுண்ணம் உங்கள் காதில் விழப்போவதில்லை என்பது உங்களுடைய கொள்கைதானே? அப்படியானால் அதைத் தடுக்க வேண்டியதன் அவசியம் எங்கே இருக்கிறது? ஐம்பது வருடத்துக்கு மேல் உங்களோடு வாழ்ந்தவர், வெறும் வீட்டில் வாய்க்கு ஒரு பாட்டும் கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் முப்பத்தொரு நாளைக் கழிப்பது எவ்வளவு கொடியது என்று நினைத்துப் பாருங்கள். உடல் எங்கே போகவேண்டும் என்பது உங்கள் விருப்பப்படியும், வீட்டில் நடப்பது அவர்கள் விருப்பப்படியும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிடலாம்.

மருத்துவ பீடத்துக்குரிய படிவத்தை இப்போதே கேட்டு வாங்கி நிரப்பிக் கையெழுத்திடுங்கள்; நெருங்கிய உறவினரின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடைமுறையில் நிறைவேறாது. படிவத்தை நிரப்பும் அன்று மூத்த மகளை அருகில் இருத்தி, ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் அழுதால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.